‘தி’ எங்கே வரும், எங்கே வராது?

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல் ‘தி’. அச்சிட்ட எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஏறத்தாழ இருபது சொல்லுக்கு ஒன்று அதுவாக இருக்கும். மூன்றே எழுத்து. பாலுக்கோ எண்ணுக்கோ வேற்றுமைக்கோ உருமாறாது. தனியாக நின்று எந்தப் பொருளும் தராது. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே தமிழ்ப் பிள்ளை அதைச் சந்திக்கிறது. காலம் காட்டும் வினைகளெல்லாம் பழகி, சரளமாகப் பேசத் தொடங்கிய பின்னும் அதில்தான் தடுக்கி விழுகிறது. போட வேண்டிய இடத்தில் விடுவது ஒரு பிழை. அது பிழை என்று சொல்லிக்கேட்டு, பயத்தில் எல்லா இடத்திலும் போடுவது அதைவிடப் பெரிய பிழை.

பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சுட்டுச்சொல்லாக இருந்தது. நம் ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ போலப் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப வெவ்வேறு வடிவம் எடுத்தது. காலப்போக்கில் அந்த வடிவங்களெல்லாம் தேய்ந்து ஒரே சொல்லாயின. விரல் நீட்டிக் காட்டும் வேலையும் அதைவிட்டுப் போனது. அதன் துணையான ‘எ’, ‘ஆன்’ என்பவை ‘ஒன்று’ என்ற எண்ணுப்பெயரிலிருந்து தேய்ந்தவை. தமிழில் ‘ஒன்று’ என்ற எண் ‘ஒரு’ ஆனதும் உயிருக்கு முன் ‘ஓர்’ ஆவதும் இதே கதைதான். ஆகவே ‘எ போட்’, ‘ஆன் ஐலண்ட்’ என்பவை ‘ஒரு வள்ளம்’, ‘ஒரு தீவு’ அளவுக்குத் தமிழருக்கு எளிது. சிக்கல் முழுவதும் ‘தி’யில்தான் இருக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால் உப்புவெளி. பெயரே சொல்வதுபோல உப்பும் வெட்டவெளியுமான கரை. ஒரே மணலில் ஒருபக்கம் மீன்வாடியும் வள்ளமும், மறுபக்கம் வெளிநாட்டவர் தங்கும் விடுதிகள். கிழக்குக் கடல் அமைதியாகும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் இந்தக் கரையில் ஆங்கிலம் பாடப்புத்தகத்தை விட்டிறங்கி வயிற்றுப்பிழைப்புக்கான மொழியாகிறது. திமிங்கிலம் பார்க்கப் படகு பேசுவது, அறை வாடகை சொல்வது, காலைச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது. ‘தி’ விடுபட்டால் இலக்கணம் குலைவதோடு செய்தியும் மாறும் என்பது வகுப்பறையைவிட இங்கே தெளிவாகத் தெரியும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். விடிய ஐந்தரை மணி. முந்தின நாள் படகுக்கு முன்பணம் கொடுத்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மணலில் காத்திருக்கிறாள். படகோட்டியின் தம்பி கைப்பேசியில் கேட்டுவிட்டு, தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் சொல்கிறான். அவன் மனதில் இருப்பது ‘வள்ளம் வருகுது’. தமிழில் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. பேசிவைத்த வள்ளம்தான் வருகிறது என்று கேட்கிறவருக்குத் தெரியும். அதையே ‘எ போட் இஸ் கமிங்’ என்று சொன்னால், ஏதோ ஒரு படகு வருகிறது என்றாகிவிடும். தான் பணம் கொடுத்த படகுக்கு என்ன ஆனது என்று அவள் முகம் சுருங்கும். ‘த போட் இஸ் கமிங்’ என்றால் அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அந்த ஓர் அசையில் பேசுகிறவன் சொல்வது இதுதான்: எந்தப் படகு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

‘தி’யின் மையம் இந்த உடன்பாடுதான். பொருள் பெரிதா சிறிதா, உலகில் ஒன்றா பலவா என்பதெல்லாம் அடுத்தபடி. கேட்கிறவர் ‘எது?’ என்று திருப்பிக் கேட்கத் தேவையில்லை என்று பேசுகிறவர் நம்பினால் ‘தி’ போடுகிறார். எதுவென்று கேட்பவருக்கு இன்னும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை என்றால் ‘எ’. ‘எது?’ என்ற கேள்விக்கே இடமில்லாமல் ஓர் இனத்தை முழுதாகப் பேசினால் இரண்டும் இல்லை.

தமிழருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. தமிழில் இதற்கென்று தனிச்சொல் இல்லை. ஆனால் வேறுபாடு இருக்கிறது, வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. தாய் மகனிடம் ‘மீன் வாங்கிக்கொண்டு வா’ என்றால் சந்தையில் கிடைக்கும் ஏதாவது மீன். ‘மீனை வாங்கிக்கொண்டு வா’ என்றால் ஏற்கெனவே சொல்லிவைத்த, இரண்டுபேருக்கும் தெரிந்த மீன். இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’, அஃறிணைப் பெயரில் மறைந்தால் ஒரு செய்தி, விரிந்தால் வேறு செய்தி. இலக்கண வகுப்பில் வேற்றுமைத்தொகை என்று மனப்பாடம் செய்ததுதான் இது. மாப்பிள்ளை வீட்டார் ‘பெண் பார்க்க’ப் போவதற்கும் ‘பெண்ணைப் பார்க்க’ப் போவதற்கும் உள்ள இடைவெளியை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்னதில் பெண் யாரென்பது இரண்டாம்பட்சம், அது ஒரு சடங்கின் பெயர். பின்னதில் குறிப்பிட்ட ஒருத்தி இருக்கிறாள். எழுவாயில் இந்த வேலையை ‘ஒரு’ செய்கிறது. ‘பஸ் வந்தது’ என்றால் காத்திருந்த பஸ்; ‘ஒரு பஸ் வந்தது’ என்றால் ஏதோ ஒன்று.

‘ஐ’ என்பது ‘தி’க்குச் சமன் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஐ’ செயப்படுபொருளோடு நிற்பது. உயர்திணைப் பெயருக்குக் குறிப்பில்லாத இடத்திலும் வருவது. ஆனால் பயிற்சிக்கு இது நல்ல வாசல். ஆங்கில வாக்கியத்தில் தடுமாறும்போது அதைத் தமிழில் சொல்லிப் பார்த்து, ‘ஐ’ தானாக வருகிறதா, ‘ஒரு’ தானாக வருகிறதா என்று காதைக் கேட்டால் பாதி இடங்களில் விடை கிடைத்துவிடும். ‘அந்த’ சேர்த்துச் சொல்ல முடிந்தால் ‘தி’ போடு என்று வகுப்பறைகளில் வழங்கும் சோதனை இந்த அளவுக்கு உதவாது. சூரியனுக்கு ஆங்கிலத்தில் ‘தி’ வரும். ‘அந்தச் சூரியன்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘தி’க்கு விரல் நீட்டும் வேலை போய்விட்டது, ‘அந்த’வுக்குப் போகவில்லை. ஆங்கிலத்தில் விரல் நீட்ட ‘தட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்தில் இதை ஒப்பிட்டுப் பார்க்க மொழிகளுக்குப் பஞ்சமில்லை. சிங்களத்தில் புத்தகம் ‘பொத’. குறிப்பில்லாத ஏதோ ஒரு புத்தகம் என்றால் விகுதி சேர்ந்து ‘பொதக்’ ஆகும். அதாவது அங்கே வெறும் பெயரே தெரிந்த பொருளைக் குறிக்கிறது, தெரியாததற்குத்தான் அடையாளம். அரபியில் இது தலைகீழ். ‘கிதாப்’ என்றால் ஒரு புத்தகம், ‘அல்கிதாப்’ என்றால் தெரிந்த அந்தப் புத்தகம். குர்ஆன் ஓதிப் பழகிய மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் ‘அல்’ என்ற முன்னொட்டைச் சிறு வயதிலிருந்தே நாவில் வைத்திருக்கிறார்கள். ‘தி’ என்பது ‘அல்’லுக்குக் கிட்டத்தட்ட உறவு என்று சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். முழு உறவல்ல, பொதுவாக ஓர் இனத்தைப் பேசும்போதும் அரபியில் ‘அல்’ வரும், ஆங்கிலத்தில் ‘தி’ போய்விடும்.

அந்த இடத்தில்தான் விடுதிச் சமையலறைகள் கவனமாக இருக்க வேண்டும். ‘ஐ டோண்ட் ஈட் ஃபிஷ்’ என்று விருந்தினர் சொன்னால் அவர் மீனே சாப்பிடாதவர். குழம்புச் சட்டியையே மாற்ற வேண்டும். ‘ஐ டோண்ட் வாண்ட் த ஃபிஷ்’ என்றால் இன்றைக்குத் தட்டில் வைத்த இந்த மீன் மட்டும் வேண்டாம்; நாளைக்கு நல்ல விளைமீனைப் பொரித்து வைக்கலாம். சாப்பாட்டு வேளைகளும் அப்படியே. காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று அறிவிக்கும்போது ‘பிரேக்ஃபாஸ்ட் இஸ் அட் எய்ட்’, ‘தி’ கிடையாது. விடைபெறும் நாளில் விருந்தினர் ‘த பிரேக்ஃபாஸ்ட் வாஸ் குட்’ என்றால், தான் உண்ட அந்தச் சாப்பாட்டைச் சொல்கிறார்.

பன்மையில் ‘தி’ இன்னொரு வேலையும் செய்கிறது. ‘ஃபிஷர்மென்’ என்றால் மீனவர்கள், சிலரோ பலரோ. ‘த ஃபிஷர்மென்’ என்றால் பேச்சில் இருக்கும் அத்தனை மீனவரும். உப்புவெளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ‘செவன் வெல்ஸ்’ என்று மட்டும் சொன்னால் எங்கேயோ உள்ள ஏதோ ஏழு கிணறுகள். ‘த செவன் வெல்ஸ்’ என்றால் அந்த ஏழும், ஒன்றுகூட விடாமல். ஒப்பந்தமோ முறைப்பாடோ ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சிறு வேறுபாட்டில் கண் வைக்க வேண்டும். ‘வள்ளங்கள் சேதமாயின’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும், ஆங்கிலம் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும்.

முன்பு பேசாத பொருளுக்கும் ‘தி’ வருவதுண்டு. ஒரு வள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் அதன் எஞ்சினுக்கு ‘தி’ வந்துவிடும், எஞ்சின் என்ற சொல் அதுவரை வாயில் வராவிட்டாலும். வள்ளம் என்றால் எஞ்சின் இருக்கும் என்பது கேட்பவருக்குத் தெரியும். வீடு என்றால் கதவு, கோயில் என்றால் தேர். சூரியன், சந்திரன், வானம், கடல் ஆகியவற்றுக்கு ‘தி’ வருவதும் இதே காரணத்தால்தான்.

கடல் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். குளிக்க இறங்குகிற சுற்றுலாப்பயணி போவது ‘டு த ஸீ’. மீன்பிடிக்கிறவர் அல்லது கப்பலில் வேலைபார்க்கிறவர் போவது ‘டு ஸீ’, ‘தி’ இல்லாமல். இரண்டும் ஒரே தண்ணீர். பின்னதில் கடல் என்பது இடத்தின் பெயராக இல்லை, தொழிலின் பெயராகிவிட்டது. உப்புவெளியில் ஒருவர் ‘கடலுக்குப் போயிருக்கிறார்’ என்றால் அவர் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றே பொருள். கால் நனைக்கப் போனவரை ‘கடற்கரைக்குப் போனார்’ என்பார்கள். பள்ளிக்கூடமும் இப்படித்தான். படிக்கிற பிள்ளை போவது ‘டு ஸ்கூல்’. கூரை திருத்தப் போகிற மேசன் போவது ‘டு த ஸ்கூல்’. பிள்ளை ‘பள்ளிக்கூடம் போகிறது’ என்று உருபை விட்டுச் சொல்வது தமிழில் இயல்பு. மேசன் ‘பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்’ என்பதில் உருபை எடுத்துவிட்டால் அவர் படிக்கப் போவதுபோல் ஒலிக்கும். உருபு விழும்போது இடம் ஒரு செயலாக மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘தி’ விழும்போது நடப்பதும் அதுவே.

தேவாலயத்தில் வழிபடப் போகிறவருக்கும் சிறையில் தண்டனை அனுபவிப்பவருக்கும் படுக்கப் போகிறவருக்கும் இந்த முறை பொருந்தும். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கும்பிடப் போகிறவருக்குப் பொருந்தாது. பொதுவழக்கில் அவர் போவது ‘டு த டெம்பிள்’. தேவாலயம் ஆங்கிலேயருக்கு அன்றாடச் செயலின் பெயராகத் தேய்ந்தது, கோயில் தேயவில்லை. மொழி தான் பிறந்த வீட்டை இப்படிக் காட்டிக்கொடுக்கும். ஆசுபத்திரியில் நோயாளியாகக் கிடப்பவரைப் பிரித்தானியர் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்பர், அமெரிக்கர் ‘இன் த ஹாஸ்பிட்டல்’ என்பர். இலங்கைப் பள்ளிகளில் கற்பிப்பது பிரித்தானிய வழக்கு.

உச்சரிப்பில் ‘தி’க்கு இரண்டு ஒலி. மெய்யொலிக்கு முன் ‘த’, உயிரொலிக்கு முன் ‘தி’. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். ‘யூனிவர்சிட்டி’ ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் யகர ஒலி என்பதால் ‘த’. ‘அவர்’ என்ற மணிநேரச் சொல்லில் முதலெழுத்து ஒலிக்காததால் ‘தி’. சென்னையில் 1878இல் தொடங்கிய ஆங்கில நாளேட்டைத் தமிழர் ‘தி இந்து’ என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். 2013இல் அதே நிறுவனம் தொடங்கிய தமிழ் நாளேடும் அந்தத் ‘தி’யைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தது. ஆங்கில ஒலிமுறைப்படி அங்கே ‘த’தான் வர வேண்டும். சொல்லின் முதலில் வரும் தகரத்தை நாம் அழுத்தி ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் வேண்டியது அந்த ஒலியல்ல. ‘அது’ என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது நாக்கு பல்லை மெல்லத் தொட்டு நழுவுகிறதே, அந்த ஒலிதான். ‘அது’வைச் சொல்லி, முன்னால் உள்ள ‘அ’வை விட்டுவிட்டால் எஞ்சுவது ஆங்கிலேயர் சொல்லும் ‘த’வுக்கு மிகக் கிட்டவரும். இரண்டும் சுட்டுச்சொற்கள் என்பது தற்செயல், உறவு ஏதுமில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது.

இனி ஊர்ப்பெயர்கள். இங்கே மேற்சொன்ன நியாயங்கள் பாதிதான் உதவும், மீதி பழக்கம். திருகோணமலை, உப்புவெளி, இலங்கை போன்ற பெயர்களுக்கு ‘தி’ இல்லை; பெயரே எதுவென்று சொல்லிவிடுகிறது. மாலைதீவுகள் போன்ற பன்மைப் பெயர்களுக்கு உண்டு. சமுத்திரத்துக்கும் ஆற்றுக்கும் உண்டு: இந்து சமுத்திரம், மகாவலி. அந்த மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவுக்கு இல்லை. வங்காள விரிகுடாவுக்கு உண்டு. ஒரே வகை நீர்ப்பரப்பு, பெயர் அமைந்த விதம்தான் வேறு. ஊர்ப்பெயர் முன்னால் வந்து ‘பே’ என்று முடிந்தால் ‘தி’ வராது. ‘பே’ முன்னால் வந்து ‘ஒஃப்’ என்று ஊர்ப்பெயரைக் கோத்தால் வரும். ‘யூனிவர்சிட்டி ஒஃப் ஜஃப்னா’வுக்கு ‘தி’ வந்து, ‘ஜஃப்னா யூனிவர்சிட்டி’க்கு வராமல் போவதும் இதே கணக்கு. ஒருமைப் பெயரான புறாத்தீவுக்கு இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் எழுப்பி, பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போன கோட்டை ‘ஃபோர்ட் ஃபிரெடரிக்’, அதற்கும் இல்லை. பெயரைவிட்டுக் கோட்டை என்று மட்டும் சொன்னால் ‘த ஃபோர்ட்’. உப்புவெளியை ஒட்டி, நிலாவெளி வீதியோரமாக உள்ள இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைத் தோட்டமும் அப்படியே: ஊர்ப்பெயரோடு ‘ட்ரிங்கோமலி வார் செமெட்ரி’, ஊர்ப்பெயர் இல்லாமல் ‘த வார் செமெட்ரி’. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒரு மக்களை முழுதாகச் சொல்ல ‘த டச்’, ‘த பிரிட்டிஷ்’. மொழியின் பெயர் வெறும் ‘டமில்’. பின்னால் ‘லாங்குவேஜ்’ சேர்த்தால்தான் முன்னால் ‘தி’ வரும்.

கப்பலுக்கு ‘தி’ உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ‘த ஹெர்மீஸ்’. அதையே ‘எச்.எம்.எஸ். ஹெர்மீஸ்’ என்று எழுதும்போது ‘தி’ போடுவது பிழை. அந்த மூன்றெழுத்து ‘மன்னரின் கப்பல்’ என்பதன் சுருக்கம். ஆறாம் வேற்றுமைப் பொருள் தரும் சொல் ஒரு பெயருக்கு முன் வந்துவிட்டால், அதே பெயருக்கு ‘தி’யும் சேர்ந்து நிற்க ஆங்கிலம் இடம் கொடாது. ‘மை போட்’ உண்டு, ‘த மை போட்’ இல்லை.

இந்தத் துறைமுகத்தின் பெயரையே தாங்கிய கப்பலும் ஒன்று இருக்கிறது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல் அது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லபூல் நகரில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. ‘ஐ ஸா ட்ரிங்கோமலி’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் அவர் விமானமேறிக் கோணேசர் பூமிக்கு வந்து போனவர். ‘ஐ ஸா த ட்ரிங்கோமலி’ என்றால் ஹார்ட்லபூலில் நுழைவுச்சீட்டு வாங்கி அந்தத் தேக்குத் தளத்தில் ஏறி இறங்கியவர்.